மருந்து போடாத கணவாய்

ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். நல்லது. டீ கிளாஸை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்தவர்களை நானும் வெளியே துரத்தியிருக்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து சாப்பாடு வெளியே போகக் கூடாது என்று எந்தச் சுவரிலும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை தோன்றவில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று கூப்பிட்டீர்கள். நல்ல வார்த்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள்.

காரைக்குடியில் கடல் கிடையாது. நமக்கு வேண்டிய ஊசிக்கணவாய் தொண்டிப் பக்கத்துக் கரையிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் வரும். கணவாய் ரோஷமான பிராணி. தொட்டி கொஞ்சம் அலுங்கினால் மை கக்கிவிட்டுச் செத்துப்போகும். அதைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பவர் எங்கள் டிரைவர் ஆரோக்கியம். கல்லலுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

நரம்பு பக்கத்தில் இருப்பதற்குச் சேதி சொல்லத் துளி ரசாயனத்தைக் கக்குகிறது. கணவாயின் பெரிய நரம்புகளிலும், தோலில் இருக்கும் நிறப்பைகளிலும் அந்த ரசாயனம் குளூட்டமேட். ஃபிரைடு ரைஸ் கடையில் தூவுகிறார்களே வெள்ளைத் தூள், அதன் பங்காளி. அதை வாங்கிக்கொள்கிற இடம்தான் ஏற்பி. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நம் மூளையிலும் அதே குளூட்டமேட், அதே வம்சத்து ஏற்பிகள். கணவாயில் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதும்போதெல்லாம் ஒரு வரி சேர்க்கிறோம் இல்லையா? அந்த வரி எவ்வளவு உண்மை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நாள்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து, அறுக்காத கணவாய் மிஞ்சினால் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இந்த ஊரில் நல்ல கணவாயைக் குழியில் போட யாருக்கு மனசு வரும்? ஊசி போட்டு மருந்து ஏற்றியவை மட்டும் எரிக்கப் போகும். எடுத்துப் போகிறவர், ‘மருந்து போட்டதா, போடாததா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்விதான் எங்களுக்கு இருந்த ஒரே வேலி. அது போதும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமையன்று தேன்மொழி என்ற ஆராய்ச்சி மாணவி உயிரோடிருந்த கணவாய்களுக்கு ஊசி போட்டாள். அந்த மருந்து குளூட்டமேட் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. தோல் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. நானும் நின்று பார்த்தேன். வெளிறிக் கிடந்த கணவாய் நொடியில் கறுஞ்சிவப்பாகி, கைகளை முறுக்கிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது. செத்த பிறகு நிறமெல்லாம் வடிந்து, சந்தையில் கிடக்கிற கணவாய் மாதிரியே ஆகிவிட்டது. திங்கட்கிழமை திசு எடுத்துவிட்டு எரிக்கலாம் என்று ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் பிள்ளையார்பட்டியில் இருந்தேன். என் தங்கை மகன் கார்த்தி புதுக் கார் வாங்கியிருந்தான். காருக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தேன்மொழி போன் செய்தாள். சும்மா இருக்க மாட்டாமல் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறாள்.

“மேடம், ஐஸ் பெட்டி காலியா இருக்கு.”

“எந்தப் பெட்டி?”

“நேத்து ஊசி போட்டு வச்சது.”

யார் எடுத்தது என்று கேட்டேன். அழுகைதான் வந்தது. அழுகைக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியம் வந்திருக்கிறார். இவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறாள். “பெட்டியில இருக்கிறது மருந்து போடாததுதானே பாப்பா?” என்று கேட்டிருக்கிறார். இவள் தலையைத் தூக்காமல், “மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, நீங்கதானே படகுலேருந்து நேரா கொண்டாந்தீக” என்று சொல்லியிருக்கிறாள்.

புரிகிறதா உங்களுக்கு? நம் ஊரில் மீன் கடை முன்னால் நிற்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி அது. ‘மருந்து போட்ட மீனா?’ என்றால், கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது தடவிக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று அர்த்தம். தேன்மொழி சிவகங்கையில் அம்மாவோடு மீன் வாங்கப் போய் வளர்ந்த பெண். துறைக்கு வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. அவர் ஆய்வுக்கூடத்து மருந்தைக் கேட்டார். அவள் மீன் கடை மருந்துக்குப் பதில் சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல், இரண்டு அர்த்தம், நடுவில் ஒரு பெட்டி கணவாய்.

அது எங்கே போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஆரோக்கியத்தின் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக மாதா கோயிலில் நன்மை, அதாவது சாமியார் கையால் அப்பம், வாங்கும் நாள். பாதிக் கல்யாணம் போல உறவுக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது. பூஜையைக் காரணம் சொல்லித் தப்பித்திருந்தேன்.

ஆரோக்கியத்தின் நம்பருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலில் பூசை நடக்கும் நேரத்தில் போனை வண்டிப் பெட்டியில் வைத்துவிடுவது அவர் பழக்கம். வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. கார்த்தியிடம், “கல்லலுக்கு விடுடா” என்றேன். மாலையும் சந்தனப் பொட்டுமாக அந்தக் கார் கிளம்பியது. தேன்மொழியிடம், “முதல்ல அழுது முடி. முடிஞ்சப்புறம் வண்டியை எடு. அழுதுக்கிட்டே வண்டி ஓட்டினா உன்னையும் சேத்து நான் தேட முடியாது” என்று சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன், அது அவளுக்கு உதவியது.

காரில் போகும்போதே துறைத் தலைவருக்குச் சொன்னேன். என்னைவிட இளையவர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.  கேட்டதும், “மேடம், கெட்டுப்போச்சு, தின்னாதீகன்னு மட்டும் சொல்லிருங்க. விஷம் கிஷம்னு வாயைத் திறந்தீகன்னா நாளைக்கு ஊரே நம்ம வாசல்ல நிக்கும். உங்க ஆராய்ச்சி, அந்தப் புள்ள படிப்பு எல்லாம் போயிரும்” என்றார்.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. போயிருக்கும். தேன்மொழியின் அப்பா நிலத்தை அடமானம் வைத்து அவளைப் படிக்க வைக்கிறவர். எனக்கும் ஓய்வு பெற அதிக நாளில்லை. கெட்டுப்போச்சு என்ற ஒரு சின்னப் பொய்யோடு எல்லாம் முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லத் தயாராகக்கூட இருந்தேன். ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்று யோசித்தேன். படகிலிருந்து தன் கையால் அள்ளிக்கொண்டு வந்த மனுஷனிடம் கணவாய் கெட்டுப்போச்சு என்றால் என்ன செய்வார்? மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். நல்ல வாசம் வரும். மேடத்துக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துவிட்டுப் பந்தியில் பரிமாறுவார்.

என் இளவயதில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஒருவர் உண்டு. வாய் திறந்தால் வசவுதான். அமிலம் சிந்தினபோது நான், “பாத்து, பாத்து, ஆபத்து” என்று கத்தினேன். “ஆபத்துன்னு கத்தாத. என்ன ஆபத்துன்னு கத்து. அப்பத்தான் எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும்” என்றார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு அவர் சொன்னது காதில் கேட்டது.

கல்லல் ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போதாவது வருகிற ரயில் அன்றைக்கென்று வந்தது. “பதறாத காரியம் சிதறாது பெரியம்மா” என்றான் கார்த்தி. அவனை ஒரு பார்வை பார்த்தேன், வாயை மூடிக்கொண்டான். கேட்டுக்கு முன்னால் நிற்கும்போதே ஆரோக்கியம் போனை எடுத்தார்.

“மேடம், வாரீகளா? பந்தி போடப் போறோம். உங்களுக்குன்னு இலையை எடுத்து வச்சிருக்கேன்.”

“ஆரோக்கியம், நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கணவாயை ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது. கெட்டுப்போகல, நல்லாத்தான் வாசம் வரும். ஆனா அது ஊசி போட்ட கணவாய். மூளையையும் நரம்பையும் தாக்குற மருந்து அதுக்குள்ள இருக்கு. கொதிச்சாலும் போகாது.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம், பிள்ளைகள் சத்தம் எல்லாம் கேட்டது. 

“நான் கேட்டேனே மேடம்” என்றார் பிறகு. “அந்தப் பாப்பாகிட்டக் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்.”

“கேட்டீக. உங்க மேல தப்பு இல்ல. சட்டியை எறக்கி மூடி வைங்க. யாராவது சாப்பிட்டுட்டாகளா?”

“யாரும் சாப்பிடல. நன்மை வாங்குற வரைக்கும் வாயில எதுவும் வைக்க மாட்டோம்ல. இப்பத்தான் கோயில்லேருந்து வந்தோம்.” பிறகுதான் மனைவியின் நினைப்பு வந்தது. “ஜெயராணி உப்புப் பாத்துட்டாளே மேடம்.”

கேட் திறந்தது. “விடுடா” என்றேன் கார்த்தியிடம்.

நாங்கள் போய் இறங்கியபோது குழம்புச் சட்டி முற்றத்தில் மூடி போட்டு, மூடி மேல் அம்மிக்குழவி வைத்து இருந்தது. பக்கத்தில் ஆரோக்கியம் காவல் நின்றார். அவருடைய பெரியப்பா ஒருவர் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “என்னத்தப்பா சொல்றீக? கமகமன்னு வருது. பிடிச்சு ஒருநாள் ஆகியிருக்குமா? இதப் போயிக் கொட்டச் சொன்னா எப்படி?” என்று என்னிடமே கேட்டார். தலைவர் சொன்ன பொய்யைச் சொல்லியிருந்தால் இந்தப் பெரியவர்தான் முதல் இலையில் உட்கார்ந்திருப்பார்.

ஜெயராணி பட்டுச்சேலையில் கரண்டியும் கையுமாக நின்றார். எவ்வளவு தின்றார் என்று கேட்டேன். உள்ளங்கையில் ஊற்றிய குழம்பும் அதோடு வந்த ஒரு துண்டும் என்றார். “நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர், உப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். விருந்தாளிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக அவர் மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கம்மா செத்துப்போயிருவாகளா டீச்சர்?”

காரில் வரும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு கணவாய்க்கு ஏற்றிய அளவு, அதில் ஒரு துண்டு, அது வயிற்றுக்குள் போய் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்றெல்லாம். பயப்பட வேண்டியதில்லை என்றுதான் வந்தது. ஆனால் அது எலியில் செய்த சோதனைகளை வைத்துப் போட்ட கணக்கு. ஊசி ஒரே இடத்தில் தங்கியிருந்து, அந்த இடத்துத் துண்டையே இவர் எடுத்திருந்தால்? அந்தப் பிள்ளையிடம், “எனக்குத் தெரியல கண்ணு. அதனாலதான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். அது சரியான பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளை அழவில்லை. போய் அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஜெயராணி மறுக்கவில்லை.

தேன்மொழி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தாள். எரிப்பதற்குச் சட்டியையும் பின்னால் ஏற்றி, ஆரோக்கியத்தையும் அவளையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பினோம். ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். இந்த மருந்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன மருந்து, எவ்வளவு, மூளையில் எந்த இடத்தைத் தாக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தன் படிப்புக்குத் தானே குழி தோண்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு எண்கூட மாறவில்லை. அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கே போய்விட்டது.

“மாற்று மருந்துன்னு ஒண்ணும் இல்ல. வலிப்பு வருதா, குழப்பம் வருதா, ஞாபகம் தப்புதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்” என்றார் டாக்டர். ஜெயராணியிடம், “வாழைப்பழம், சாவி, ரயில். இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கங்கம்மா, அப்புறம் கேப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்திருந்தோம். ஒரு சோதனைக்கு முன்னால் உட்காருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதில் கணவாய்தான் மேஜையில் கிடக்கும். கண்ணை மூடினால், கறுத்துக் கைமுறுக்கி நின்ற அந்தக் கணவாய்தான் வந்தது. ஜெயராணி இருமினால் தேன்மொழி எழுந்து நின்றாள். அவர் கையைச் சொறிந்தால் ஆரோக்கியம் என்னைப் பார்த்தார்.

“தலை சுத்துது டீச்சர்” என்றார் ஜெயராணி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மருந்தாகவும் இருக்கலாம் என்றார். “முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டதுதான் சார். நேத்து முழுக்கச் சமையல் வேலை, இன்னைக்கு நன்மை வாங்கணும்னு பட்டினி” என்று ஜெயராணியே சொன்னார். பசியாகவும் இருக்கலாம். வலிப்பு வந்தால் ஆபத்து என்பதால் இப்போது ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பசித்த வயிறா, தாக்கிய மருந்தா என்று தெரியாமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அதைவிட நீளமான மத்தியானம் எனக்கு வந்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்து மூன்று பொருளைக் கேட்டார்.

“வாழைப்பழம்” என்றார் ஜெயராணி. “ரயிலு.” பிறகு நிறுத்திவிட்டார். மேலே பார்த்தார். சேலை நுனியை முறுக்கினார். “இன்னொண்ணு என்னமோ சொன்னீகளே.”

தேன்மொழி என் கையைப் பிடித்தாள்.  டாக்டரின் முகமும் மாறிவிட்டது. ஞாபகம்தான் முதலில் போகும் என்று அவரிடம் சொன்னதே நாங்கள்தான்.  பிறகு, பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருஷத்துப் பிள்ளைகளைத் திட்டுகிற திட்டு எனக்கே நினைவு வந்தது. ஊசி போட்டதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதே, போடாதது எங்கே?

“டாக்டர், அதே கேள்வியை அவர்கிட்டயும் கேளுங்க” என்று ஆரோக்கியத்தைக் காட்டினேன்.

ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார். “வாழைப்பழம்” என்றார். அதோடு சரி. “வேற ஏதும் சொன்னீகளா சார்?”

உண்மையைச் சொன்னால் எனக்கும் சாவி மறந்திருந்தது. ஜெயராணிதான் புருஷனைப் பார்த்து முதலில் சிரித்தார். “இவுகளுக்கு வண்டிச் சாவியே தினம் நான்தான் தேடிக் குடுக்கணும்” என்று சொன்னவர், சொல்லி முடிக்குமுன், “ஆங், சாவி” என்றார். தேன்மொழி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகும் வெயில் தாழும் வரை வைத்திருந்துதான் டாக்டர் டீயும் பன்னும் கொடுக்கச் சொன்னார். சாப்பிட்டதும் தலைச்சுற்றல் நின்றது. ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாற்றம் ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை நடந்ததையெல்லாம் துறைக் கூட்டத்தில் நானே சொன்னேன். விசாரணை நடந்தது, வேலை பல மாதம் நின்றது, தேன்மொழி தாமதமாகத்தான் பட்டம் வாங்கினாள். வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கணவாய்கூட எந்த வீட்டுக்கும் போனதில்லை. உங்களிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், இதை மட்டும் நான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததைச் சொல்லவில்லையே. கார்த்தி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். தேன்மொழி ஜெயராணியின் காலில் விழப் போனாள். “சும்மா இரு புள்ள, நான்தான் நல்லா இருக்கேன்ல” என்று அவளைத் தூக்கிவிட்டு, பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு காரில் ஏறினார். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், காலையிலேருந்து கேக்கணும்னு நெனச்சேன். அந்தக் கணவாய்க்கு அப்படி என்ன சீக்கு, மருந்து ஏத்துனீக?”

எத்தனையோ வருஷம் வகுப்பில் ஏற்பியைப் பற்றிப் பேசியவள் நான். அவர் முகத்தைப் பார்த்தேன். 

“சீக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர், “பாவம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.